மஞ்சள் ஒயர்

இது நடந்தது. கதை கட்டுகிறார்கள் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்ப்பவர்களும் அப்படியே போகலாம். இது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். மணி 1.50.

நடந்தது ஃபியூஸ் அக்காவுக்கு. அவளே சொன்னது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்வதற்குப் பொறுமை வேண்டும், அது அவளிடம் கிடையாது.

அவளுடைய தம்பி ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். அங்கே மின்சார வேலை முழுக்க அவள்தான். ஃபியூஸ் மாற்றுவதால் அந்தப் பட்டப்பெயர் வரவில்லை, ஒரு சொல் கூடப்போனால் படாரென்று போய்விடுவதால் வந்தது. அங்கிருக்கும் ஒரே பெரிய மெஷினை ஓட்டுகிறவர் அவளுடைய வீட்டுக்காரர். அவர் நேர் எதிர். கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் "சரி, பாப்போம்" என்பார். இப்படிப்பட்ட மனிதரோடு குடும்பம் நடத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது?

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானாகவே இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின். ஒரு சின்ன அறை அளவு இருக்கும். முன்பக்கம் கண்ணாடி வைத்த இழுப்புக் கதவு. உள்ளே நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றும் கட்டர். கதவைத் திறந்தால் கட்டர் நின்றுவிட வேண்டும். அதற்காகக் கதவோரம் ஒரு சுவிட்ச் உண்டு. மெஷின் செய்த புண்ணியவான்கள் மனிதனுக்குக் கை இரண்டுதான் என்று தெரிந்து வைத்த சுவிட்ச் அது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தம்பி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, இரும்புச் சுருள் எடுக்கணும்னு ஒவ்வொரு தடவ கதவத் திறந்தாலும் மெஷின் நின்னுடுது. திரும்ப ஓட முக்கால் நிமிஷம் போகுது. ஒரு ஒயர் போட்டுக் குடுத்துடுக்கா."

போட்டுக் கொடுத்தாள். சாண் நீள மஞ்சள் ஒயர். பின்பக்கப் பெட்டிக்குள் சுவிட்ச் வரும் இரண்டு முனைகளையும் அது இணைத்தது. அன்றிலிருந்து கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நினைத்தது. வீட்டுக்காரர் ஓடுகிற கட்டருக்குப் பக்கத்தில் கையை விட்டு இரும்புச் சுருளை இழுத்துப் போட ஆரம்பித்தார். பட்டறைக்காரர்கள் பலர் இந்த அயோக்கியத்தனத்தைச் செய்கிறார்கள். இதற்கு சாமர்த்தியம் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. கழற்றிவிடுகிறேன் என்று சொன்னால் தம்பி "இந்த ஆர்டர் முடியட்டும்க்கா" என்பான். அந்த ஆர்டர் முடிந்தால் அடுத்த ஆர்டர். தம்பி மேல் கோபம். வாயைத் திறக்காத வீட்டுக்காரர் மேல் கோபம். போட்டது தன் கைதான் என்பதால் எல்லாவற்றையும்விடத் தன் மேல் கோபம். இருந்தும் கழற்றவில்லை. கோபப்படுகிறவர்கள் எல்லாம் காரியம் செய்துவிடுவதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4.05க்கு "டப்" என்று ஒரு சத்தம். திரை இருண்டது. பெட்டியைத் திறந்தால் கருகல் வாடை. மெயின் போர்டு போய்விட்டது. மெயின் போர்டுதான் மெஷினின் மூளை. அது போனால் மிச்சமெல்லாம் வெறும் இரும்பு.

புதுசு வாங்க மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். பத்து வாரம் ஆகும் என்றார்கள். இருக்கிற போர்டைச் சரிசெய்யலாம் என்று பார்த்தால் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மிச்சம் ஒரே வழி, வேறு மெஷினிலிருந்து கழற்றிய பழைய போர்டு. தம்பிக்கு வியாழக்கிழமை சரக்கு அனுப்பியாக வேண்டும். "திங்கக்கெழம காலைல மெஷின் ஓடணும்க்கா" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனான், போர்டு ஏதோ அவள் வீட்டுக் கொல்லையில் காய்க்கிற மாதிரி.

சனிக்கிழமை பழைய போர்டு விற்கிற பெரியவர் வந்தார். வெள்ளி நிறப் பைகளில் இரண்டு போர்டுகள்.

"ரெண்டையும் மாட்டிப் பாருங்கம்மா. எது ஒத்துவருதோ வச்சுக்குங்க. இன்னொண்ண நான் திருப்பி எடுத்துக்கறேன்."

போர்டு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பளபளப்பை அல்ல, நம்பரை. நீளமான நம்பர், அதன் கடைசியில் ஒரு எழுத்து. அந்த எழுத்து மாறினால் சில மெஷினில் ஓடும், சிலதில் முரண்டு பிடிக்கும். முதல் போர்டில் செத்துப்போனதில் இருந்த அதே எழுத்து. இரண்டாவதில் அதற்கு அடுத்த எழுத்து, ஆனால் ஆள் புத்தம் புதுசாக இருந்தது.

"எங்கேருந்து கழட்டினது?"

"ரெண்டும் மூடிப்போன பட்டறைங்கதாம்மா."

இரண்டாவது பையை அவர் கையில் எடுத்துக் கொடுத்தார். முதல் பையைக் கைக்குட்டையால் பிடித்து மேஜையில் வைத்தார். அவள் அதைக் கவனித்தாள். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அவளும் வீட்டுக்காரரும் மட்டும். 1.50க்கு முதல் போர்டை மாட்டினாள். 1.58க்குத் திரை வெளிச்சமானது.

பழைய போர்டு மாட்டினால் முதல் வேலை அதன் ஞாபகத்தை அழிப்பது. முந்தைய மெஷினின் கணக்குவழக்கு உள்ளே கிடக்கும், அதோடு ஓட்டினால் கட்டர் எங்கே போய் இடிக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மெயின் சுவிட்சைப் போட்டால் சுத்தமாக அழிந்துவிடும். அழித்தாள். திரையில் ஒன்றுமில்லை. பிறகு தங்கள் மெஷினின் விவரங்களை மெமரி கார்டிலிருந்து ஏற்றினாள்.

2.17. கட்டரைச் சுற்றவிட்டாள். சுற்றவில்லை.

திரையில் சிவப்பு வரி. கதவு திறந்திருக்கிறது.

கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அது மெஷினுக்கு எப்படித் தெரியும்? மஞ்சள் ஒயர் இருந்த இடத்தில் இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தாள், இருபத்து நாலு வோல்ட் வந்துகொண்டிருந்தது. மூடியிருக்கிறது என்று ஒயர் பொய் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

"கதவ மூடுங்க" என்றாள். அவர் மூடினார். சிவப்பு வரி போனது.

"திறங்க."

வந்தது.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இரும்பும் ஒயரும் அவளிடம் விளையாடக் கூடாது. அவள் பின்பக்கம் போய்ப் பெட்டிக்குள் தலையை விட்டாள். சோதிக்க வசதியாகத் தம்பி பழைய திரை ஒன்றைப் பின்பக்கமும் மாட்டித் தந்திருந்தான், இந்தப் பிறவியில் அவன் செய்த ஒரே உருப்படியான காரியம். கண் அந்தத் திரையில், மீட்டர் முனை ஒயரில். முன்னால் அவர் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார்.

திறந்தார்… சிவப்பு. மூடினார்… போனது. திறந்தார்… சிவப்பு. மீட்டர் ஒரு தடவைகூட அசையவில்லை. ஒன்பது முறை. ஒன்பதிலும் போர்டு சரியாகச் சொன்னது.

2.31. பத்தாவது முறை.

சிவப்பு வரி வந்தது. கதவு இழுபடும் சத்தம் வரவில்லை.

"திறந்தீங்களா?"

"இல்லையே" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"பொய் சொல்லாதீங்க."

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்?"

அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். கதவு மூடியிருந்தது. அவர் பக்கவாட்டில் குனிந்து நின்றார். எண்ணெய் ஊற்றுகிற சின்ன ஜன்னல் வழியாக வலது கையை உள்ளே விட்டு, சும்மா நிற்கிற நேரத்தில் கட்டரில் சிக்கியிருந்த பழைய சுருளை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலில் சுவிட்சே கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை.

அவள் திரையைப் பார்த்தாள்.

வரி மாறியிருந்தது.

அந்த மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது. பட்டறைகளில் யாருக்காவது எதையாவது எழுதி வைக்க வேண்டுமென்றால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிவைப்பார்கள். அப்படித்தான் இருந்தது, எல்லாம் பெரிய எழுத்தில்.

கையை எடுங்க.

அழித்த போர்டு. ஒன்றுமில்லாத போர்டு. இப்படி ஒரு வரி அவள் ஏற்றிய கார்டில் கிடையாது.

அவரும் எட்டிப் பார்த்தார். மெதுவாகக் கையை வெளியே எடுத்தார்.

வரி மறைந்தது.

"பரவால்லயே" என்றார் அவர். "பட்டறைல எவனா இருந்தாலும் எடுடாம்பான். இது மரியாதையா பேசுது."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "வெளையாட்டா இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினாள். கத்தினால் பயம் குறையும். கொஞ்சம் குறைந்தது.

2.44க்கு முதல் போர்டைக் கழற்றி இரண்டாவதை மாட்டினாள். அது சமர்த்துப் பிள்ளை. கதவு திறந்திருந்தாலும் ஓடியது, மூடினாலும் ஓடியது. ஒயர் சொன்னதை அப்படியே நம்பியது.

3.10க்குத் தம்பி வந்தான். திறந்த கதவுக்குள் கட்டர் விர்ரென்று சுற்றுவதைப் பார்த்து முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"அவ்வளவுதான்க்கா. இதையே வச்சுக்கலாம்."

"அந்த இன்னொண்ணு கதவு திறந்தா நிக்குது."

"அப்ப அது கெட்டுப்போன போர்டு. திருப்பிக் குடுத்துடு."

கெட்டுப்போன போர்டு. கதவு திறந்தால் நிற்கிற போர்டு அவனுக்குக் கெட்டுப்போன போர்டு. இரண்டு வருடமாக விழுங்கி வைத்திருந்தது எல்லாம் அவளுக்கு ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"மாமா கை போனா நீ சோறு ஊட்டுவியாடா?"

"இத்தன நாள் போகலையேக்கா."

"இத்தன நாள் போகலன்னு நாளைக்குப் போகாதுன்னு உனக்கு எவன் எழுதிக் குடுத்தான்?"

"மாமா, நீங்களே சொல்லுங்க."

"சரி, பாப்போம்" என்றார் வீட்டுக்காரர்.

அவள் ஸ்க்ரூடிரைவரை மேஜையில் அடித்த அடியில் தம்பி ஓரடி பின்னால் போனான். இரண்டாவது போர்டைக் கழற்றிப் பையில் போட்டு அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். முதல் போர்டைத் திரும்ப மாட்டினாள். பயம் இருந்தது. இல்லையென்று அவள் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பேய்க்கும் தம்பிக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பேயே தேவலை என்று இருந்தது.

மஞ்சள் ஒயரை அவள் தொடவில்லை. கிடக்கட்டும், இனி அது எதற்கும் உதவாது, தினமும் அதைப் பார்த்துத் தம்பி வயிறெரியட்டும் என்று விட்டுவிட்டாள். வீம்பு.

திங்கள் வந்தது. மெஷின் ஓடியது. கதவைத் திறந்தால் நின்றது. தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

மூன்றாவது வாரம். செவ்வாய்க்கிழமை. 11.42.

அவள் மெஷினிலிருந்து பத்தடி தூரத்தில் ஒரு பல்பு மாற்றிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் அவர் ஓடும்போதே கதவை இழுத்தார். நீளமான சுருள் ஒன்று அவருடைய சட்டைக் கையில் மாட்டியது. கட்டர் சுருளைச் சுற்றி இழுத்தது.

கையும் கூடவே போனது.

அவள் வாயைத் திறந்தாள்.

டக்.

நாலாயிரம் சுற்று சுற்றுகிற கட்டர் மின்சாரம் போனாலும் நிற்க நாலு வினாடி எடுக்கும். அது நாலு வினாடி எடுக்கவில்லை. ஒரு வினாடிகூட எடுக்கவில்லை.

யாரோ பிடித்து நிறுத்தியதுபோல நின்றது.

விரலுக்கும் கட்டருக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி போகும் இடம்.

திரையில் அதே வரி… ஒரு தடவை அல்ல. மேலிருந்து கீழ்வரை.

கையை எடுங்க. கையை எடுங்க. கையை எடுங்க.

அவர் எடுத்தார். அன்றைக்கு "சரி, பாப்போம்" என்று சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அவரைத் திட்டினாள், தம்பியைத் திட்டினாள், சட்டையைத் தைத்த தையல்காரனைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அவர் கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஏதோ கோளாறு, நல்ல நேரம் என்று விட்டிருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து அந்த போர்டில் பேட்டரி வைக்கிற இடம் ஆட ஆரம்பித்தது. ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டு, போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் லென்ஸ் விளக்குக்குக் கீழே வைத்து நிதானமாகப் பார்த்தார். பேட்டரி இடத்தைச் சரிசெய்தார். பிறகு போர்டைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றார். மணி 10.26.

"இது எவ்வளவு நாளா ஓடுது?"

"மூணு மாசமாப் போகுது."

"கதவு சுவிட்ச் எப்படி வேல செய்யுது?"

"நல்லா வேல செய்யுது. ஏன்?"

அவர் லென்ஸை அவள் பக்கம் தள்ளினார். போர்டின் ஓரத்தில் எள்ளளவு கருப்பு. அதன்மேல் பழைய பூச்சு பழுத்துக் கிடந்தது. பல வருடத்துப் பழசு.

"கதவு லைன் வர்ற இடம் இது. கதவு சுவிட்ச ஏமாத்த யாரோ பைபாஸ் ஒயர் போடறப்ப தப்பான முனையைத் தொட்டிருக்காங்க, சுட்டுடுச்சு. சுட்டு அப்படியே ஒட்டிக்கிச்சு. இனிமே நீங்க சுவிட்ச் மாத்தினாலும் சரி, ஒயரக் கழட்டினாலும் சரி, கதவு மூடியிருக்குன்னுதான் இது நெனைக்கும். இந்த போர்டுக்குக் கதவே தெரியாதும்மா."

"தெரியுதே" என்றாள் அவள்.

"தெரிய வழியே இல்ல."

அவள் வாதாடவில்லை. ஃபியூஸ் அக்கா வாதாடாமல் விட்டது அவள் வாழ்க்கையில் அநேகமாக அதுதான் முதல் தடவை.

"சரி பண்ணிடலாம். அரை மணி நேர வேலை" என்று கடைக்காரர் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கப் போட்டார்.

அவள் வெளியே வந்து பழைய போர்டு விற்ற பெரியவருக்குப் போன் செய்தாள். 10.34.

"அந்த மொத போர்டு எங்கேருந்து கழட்டினீங்க? உண்மையச் சொல்லுங்க."



"ஏதாவது ஆச்சாம்மா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஒரு பட்டறைம்மா. மெஷின் ஓட்டினவருக்கு… உள்ள கை மாட்டிக்கிச்சு. கையோட விடல. ஆளே போயிட்டாரு."

"பைபாஸ் ஒயர் போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தாங்க. மொதலாளி கேட்டாருன்னு. ஆனா போட்டவங்களுக்கு மனசு கேக்கல. ஒரு சனிக்கெழம மொதலாளியோட சண்ட போட்டு அவங்களே கழட்டிட்டாங்க. கழட்டியாச்சு, இனிமே கதவத் திறந்தா நிக்கும்னு மெஷின் ஓட்டினவர்கிட்ட சொல்லியும் இருக்காங்க. அத நம்பித்தான் திங்கக்கெழம அவர் கதவத் திறந்து கைய விட்டாரு." பெரியவர் நிறுத்தினார். "ஒயரக் கழட்டியும் அது ஏன் நிக்கலன்னு கடைசி வரைக்கும் அந்தம்மாவுக்குப் புரியவே இல்ல."



"அந்தம்மாவா?"

"அவரோட சம்சாரம்தாம்மா. அங்க மின்சார வேலையெல்லாம் அவங்கதான் பாத்தாங்க. இந்த போர்டக் கழட்டி என் கைல குடுத்ததும் அவங்கதான்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"அதுக்கப்புறம் ரெண்டு மாசம்கூட உசுரோட இருக்கலம்மா."

அவள் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கடைக்காரர் லென்ஸ் விளக்கைப் போட்டு, சூடான கோலை அந்தக் கருப்புப் புள்ளிக்கு நேராகக் கொண்டுபோனார்.

"அதத் தொடாதீங்க" என்றாள்.

"கதவு தெரியாம எப்படிம்மா ஓட்டுவீங்க?"

அவள் போர்டை இரண்டு கையாலும் எடுத்துப் பையில் வைத்தாள்.

"அவங்க பாத்துக்குவாங்க."